சீமையிலே புளி எங்கே கிடைக்கும்?

எங்கள் ஓமலூரிலிருந்து ஒரு பிள்ளையோ பெண்ணோ மேல்படிப்புக்காகக் கடல் கடந்து போவதென்றால், புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே அந்த வீடு ஒரு சின்ன மளிகைக் கடையாக மாறிவிடும். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மிளகாயும் மல்லியும் வரும், மாடியில் காயும், பொடியாகும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அப்பளம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டியில் ஏறும். கடைசியில் தராசு குறுக்கே நிற்கும். எடை மிஞ்சிவிட்டதென்றால் புத்தகத்தை வெளியே எடுத்து வைப்பார்களேயன்றி, ஊறுகாயை எடுக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது.

அந்த அன்பைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் பெட்டி இரண்டு மாதத்தில் காலியாகிவிடும்; படிப்போ இரண்டு வருஷம். மிச்ச நாளைக்கு என்ன வழி? நமக்கு முன்னே சீமைக்குச் சென்ற இருவரின் அநுபவம் இதற்கு விடை சொல்லும்.

1888-ஆம் வருஷம் செப்டம்பரில் பம்பாயில் கப்பலேறிய மோகன்தாஸ் காந்திக்கு வயது 18. மாமிசம் தொடுவதில்லை என்று அன்னைக்கு வாக்களித்திருந்தார். லண்டனில் அந்த வாக்கு அவரை அரைப் பட்டினி போட்டது. உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்த கீரை தொண்டையில் இறங்கவில்லை. இன்னும் இரண்டு துண்டு ரொட்டி கேட்கவோ கூச்சம். சைவ உணவுச்சாலைகள் நகரத்தில் உண்டென்று வீட்டுக்காரி சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, தினம் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடினார். முடிவில் பாரிங்டன் வீதியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். சீமைக்கு வந்த பின் அவர் வயிறார உண்டது அன்றுதான்.

அவர் அதோடு நிற்கவில்லை. பின்னர் ஒற்றை அறைக்குக் குடிபோய், ஓர் அடுப்பை வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே தயாரித்தார். அதற்குப் பிடித்த நேரம் 20 நிமிஷம். ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு 1 ஷில்லிங் 3 பென்ஸ். ஊரிலிருந்து வந்த தித்திப்புகளையும் மசாலைகளையும் நிறுத்திவிட்டார். முன்பு இறங்காத அதே கீரை இப்போது ருசித்தது. ருசி நாக்கில் இல்லை, மனத்தில்தான் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டது அப்போதுதான்.

இரண்டாமவர், நமக்கு அண்டை ஊராகிய ஈரோட்டில் பிறந்த கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன். 1914 மார்ச் 17-ல் சென்னையில் கப்பலேறி, கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியை அடைந்தார். தம் உணவைத் தாமே சமைத்துக்கொண்டார் என்றும், சமையலுக்கு முன் உடை மாற்றாமல் இருந்ததில்லை என்றும் பேராசிரியர் ஹார்டி எழுதியிருக்கிறார். புளியும் தேங்காயெண்ணெயும் ஊரிலிருந்து தபாலில் வர வேண்டியிருந்தது. ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. கடலில் நீர்மூழ்கிகள் உலவின. வர வர உணவுப் பண்டங்களுக்கே தட்டுப்பாடு. 1917-ல் அவர் நோயில் விழுந்தபோது, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு ஏற்றது அநேகமாக ஒன்றுமில்லை. 1919-ல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் மறைந்தார். வயது 32. நோய் இன்னதென்று இன்றளவும் வைத்தியர்கள் ஒருமித்துச் சொல்லவில்லை. சாப்பாடே காரணம் என்பது நியாயமாகாது. ஆனால் அன்றாடச் சாமானுக்கு ஏழு கடலுக்கு அப்பாலுள்ள ஊரையே நம்பி வாழ்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்று காலம் மாறிவிட்டது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் கிடைக்காத தமிழ்நாட்டுப் பண்டம் சொற்பம். லண்டன் ஈஸ்ட்ஹாமிலும், பாரிஸ் லா சப்பலிலும், கனடாவின் ஸ்கார்பரோவிலும் முருங்கைக்காய்கூட வாங்கலாம். இவற்றில் பல, 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வீடு வாசலை இழந்து வெளியேறியவர்கள் வைத்த கடைகள். தங்கள் துயரத்தினிடையே அவர்கள் திறந்த கதவு, நம் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கிறது. அதை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும்.

தமிழ்க் கடை இல்லாத ஊரிலும் வட இந்தியர் கடை இருக்கக்கூடும். அங்கே பெயர்தான் குழப்பும். துவரம்பருப்புக்கு ‘தூர் தால்’, உளுத்தம்பருப்புக்கு ‘உரத் தால்’, ரவைக்கு ‘சூஜி’, பெருங்காயத்துக்கு ‘ஹிங்’, ஓமத்துக்கு ‘அஜ்வைன்’. இந்த ஐந்து பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் ஐந்து கிலோ சாமான் சுமை குறையும்.

பெட்டி கட்டும் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. நம் குழம்புக்கு அரைக்கும் கசகசா, சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு நாடுகளிலும் தடை செய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை என்பதே காரணம். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டி வரும். ஆஸ்திரேலியாவில் இறங்குபவர், கையிலுள்ள உணவுப் பொருளை ஒளிக்காமல் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம். அறியாமல் வைத்த ஒரு பொட்டலத்துக்காக, முதன்முதல் வெளிநாட்டில் கால் வைக்கும் பிள்ளை அதிகாரியின் முன் நடுங்கி நிற்க வேண்டுமா?

ஆகையால், முதல் மாதத்துக்கு வேண்டிய பொடிகளைக் கட்டிக் கொடுங்கள், அது போதும். மீதி இடத்தில் துணியும் புத்தகமும் போகட்டும். அதற்கு முன், பெண்ணானாலும் பிள்ளையானாலும் சோறு வடிக்கவும் ஒரு குழம்பு வைக்கவும் நம் வீட்டு அடுப்பிலேயே பழக்குங்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில், வகுப்பறையைத் தேடுவதுபோல் மளிகைக் கடையையும் தேடச் சொல்லுங்கள். தெரியாததைக் கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தச் சாமானுக்கு எந்த விமானத்திலும் எடைக் கணக்கு இல்லை.