இணையத்தில் இடம் எடுப்போர்க்கு

களனி கங்கை பாறைகளுக்கிடையே விரைந்து பாயும் கித்துல்கலையிலும், மகா ஓயாவில் யானைகள் நீராடும் பின்னவலையிலும், பயணிகளுக்கு இரண்டொரு அறைகளை வாடகைக்கு விட்டுச் சீவனம் நடத்தும் குடும்பங்கள் உள்ளன. கேகாலை மாவட்டத்தின் பிற பகுதிகளில் கராம்பு, மிளகு, சாதிக்காய், கித்துள் பாணி ஆகியவற்றை வாங்கி விற்கும் சிறு வியாபாரிகள் உள்ளனர். இவர்களுக்கு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை ஒன்றே போதுமாயிருந்த காலம் கடந்துவிட்டது. கடல் கடந்து வரும் பயணி, விமானம் ஏறுமுன்னரே தங்குமிடத்தைக் கைத்தொலைபேசியில் தேடிப் பார்க்கின்றார். ஆதலால், சிறிதாயினும் ஓர் இணையத்தளம் வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் எழுவது இயல்பேயாகும்.

எண்ணம் எழுந்தவுடன் விளம்பரங்களும் வந்து சேர்கின்றன. ‘முதல் ஆண்டுக்கு மிகச் சொற்பக் கட்டணம்’, ‘வரம்பில்லாத இடம்’, ‘பெயர் முற்றிலும் இலவசம்’, ‘ஒருமுறை செலுத்தினால் வாழ்நாள் முழுவதும் சேவை’ என்று அவை அழைக்கின்றன. இவ்வாறு அழைப்போர் அனைவரும் ஏமாற்றுவோர் அல்லர். மலிவு தன்னளவில் ஒரு குற்றமும் அன்று. ஆயினும், இவ்வழைப்புகளுள் சிலவற்றை நம்பிப் பணம் செலுத்தியவர், ஓராண்டு கழிந்தபின் தம் தளம் மறைந்திருப்பதையும், தம் பெயர் பிறர் கையிற் சிக்கியிருப்பதையும், முறைப்பாட்டுக்கு மறுமொழி சொல்ல ஒருவரும் இல்லாததையும் காண்கின்றனர். இந்நிலை ஏன் உண்டாகின்றது, அதனைத் தவிர்க்கும் வழி யாது என்பதை அறிந்துகொள்வது நலம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். ஓர் இணையத்தளத்துக்குப் பெயர், இடம் என இரண்டு தேவை. பெயர் என்பது மக்கள் தட்டெழுதித் தேடிவரும் முகவரி. இலங்கைக்குரிய ‘டொட் எல்.கே.’ என்னும் முடிவு 1990 ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டில் ‘.இலங்கை’ என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிக்கும் அனுமதி கிடைத்தது. ‘டொட் கொம்’ போன்ற உலகப் பொது முடிவுகளும் உண்டு. இடம் என்பது, தளத்தின் எழுத்தும் படமும் வைக்கப்பட்டுள்ள கணினி. இரவும் பகலும் ஓயாது இயங்கும் அத்தகைய கணினியைச் சேவையகம் என்பர். அதில் ஒரு பகுதியை வாடகைக்கு விடும் தொழிலே ‘வெப் ஹோஸ்டிங்’ எனப்படுவது. பெயரை ஓரிடத்திற் பதிவு செய்து, இடத்தை வேறோரிடத்தில் வாடகைக்கு எடுக்கலாம். வீடு மாறியவர் தபாற் கந்தோருக்குப் புதிய விலாசத்தை அறிவிப்பது போல, பெயர் சுட்டும் இடத்தை எப்பொழுதும் மாற்றிக்கொள்ளலாம். இந்த ஓர் உண்மையை அறியாமையே பெரும்பாலான இழப்புகளுக்கு வேராகும்.

இனி, விளம்பர வாசகங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கலாம். வரம்பில்லாத இடம் என்பது உலகில் இல்லை. கணினித் தட்டுக்கும் மின்சாரத்துக்கும் அளவு உண்டு. ஒரு சேவையகத்தில் நூற்றுக்கணக்கான தளங்களை வைத்து, அனைவரும் ஒரே வேளையில் முழு இடத்தையும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையிலேயே நிறுவனங்கள் அவ்வாறு கூறுகின்றன. ஐம்பது ஆசனங்கள் உள்ள பஸ்ஸுக்கு நூறு சீட்டு விற்பது போன்றது அது. நெருக்கடி வரும்போது, ‘நியாயமான பயன்பாடு’ என்னும் நிபந்தனை ஒப்பந்தத்தின் ஒரு மூலையிலிருந்து வெளிவரும்; கோப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு இருந்தது அப்பொழுதுதான் தெரியவரும்.

‘வாழ்நாள் முழுவதும்’ என்பது யாருடைய வாழ்நாள் என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். அது வாடிக்கையாளரின் வாழ்நாள் அன்று. அந்நிறுவனம் உயிரோடிருக்கும் நாள் மட்டுமே. சேவையகத்துக்கான செலவு மாதந்தோறும் வருவது. ஒருமுறை பெற்ற பணம் தீர்ந்தபின், புதிதாகச் சேர்வோரின் பணத்தைக் கொண்டே பழையவர்களின் செலவை ஈடுசெய்ய வேண்டியிருக்கும். சேர்வோர் குறைந்த அன்று கதவு மூடப்படும். புதியவர் தரும் பணத்தால் முன்னவர்க்கு வருமானம் காட்டும் பிரமிட் திட்டங்களை இலங்கை வங்கிச் சட்டம் தடை செய்துள்ளது. வாழ்நாட் சேவை சட்டத்தின் பார்வையில் அதுவன்று எனினும், கணக்கின் பார்வையில் அதற்கு நெருங்கிய உறவினமாகும்.

முதலாண்டுச் சலுகையையும் கணக்கிட்டே நோக்க வேண்டும். முதல் ஆண்டுக்கு 2,000 ரூபாயும், அடுத்த ஆண்டு முதல் 12,000 ரூபாயும் கேட்கும் நிறுவனம் ஒன்று. ஆண்டுதோறும் 7,000 ரூபாய் கேட்கும் நிறுவனம் மற்றொன்று என வைத்துக்கொள்வோம். மூன்றாண்டில் முன்னதற்கு 26,000 ரூபாயும், பின்னதற்கு 21,000 ரூபாயும் செலவாகும். மலிவாகத் தோன்றியதே விலை கூடியது. ஆதலால், ‘இன்று எவ்வளவு?’ என்பதைவிட, ‘புதுப்பிக்கும்போது எவ்வளவு?’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

‘நூற்றுக்கு 99.9 வீதம் இயங்கும்’ என்ற உறுதிமொழியும் அத்தகையதே. ஓராண்டில் 8,760 மணித்தியாலங்கள் உள்ளன. 99.9 வீதம் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 மணித்தியாலம் தளம் நின்றுபோகலாம். 99 வீதம் என்றால் மூன்றரை நாளுக்கும் மேல். அவ்வுறுதிமொழி தவறினால், பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியே கழிக்கப்படும். விடுமுறைக் காலத்தில் அறை தேடிய பயணிகள் வேறிடம் போனதால் நேர்ந்த நட்டத்தை எவரும் ஈடுசெய்யார்.

இவை யாவற்றினும் ஆபத்தானது ‘இலவசப் பெயர்’ என்பது. இலவசமாகப் பெற்ற பெயர் சில வேளைகளில் வாடிக்கையாளர் பெயரிற் பதிவாகாது, நிறுவனத்தின் பெயரிலோ, தளத்தை அமைத்துக் கொடுத்தவரின் பெயரிலோ பதிவாகிவிடுகின்றது. வேறிடம் செல்ல விரும்பும் நாளில், ‘இவ்வளவு தந்தால் பெயரை விடுவோம்’ என்ற குரல் எழும்புகின்றது. தோட்டங்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு இக்குரல் புதியதன்று. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குத் தொழிலாளர் செல்ல வேண்டுமாயின், அவர்கள்மேல் உள்ள கடன் தீர்க்கப்பட்டால் விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ அக்காலத்தில் வேண்டியிருந்தது. முற்பணமாகக் கையில் வாங்கியபோது இனித்த தொகையே, துண்டில் ஏறியபின் விலங்காயிற்று. 1921 ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அன்றைய துன்பத்தோடு இன்றைய இணைய இழப்பை ஒப்பிடுதல் தகாது. ஆயினும் பொறியின் அமைப்பு ஒன்றே: முதலிற் கிடைத்த சலுகை, விட்டுப் போகும் உரிமையைப் பறித்துக்கொள்கின்றது.

இது கற்பனை அச்சம் அன்று என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்றாகும். மலிவு விலைக்குப் பெயர் பதிந்து கொடுத்துவந்த ரெஜிஸ்டர்ஃபிளை என்னும் நிறுவனம் 2007 ஆம் ஆண்டில் உட்பூசலாலும் சீர்கேட்டாலும் நிலைகுலைந்தது. புதுப்பிக்கப் பணம் கட்டியும் பெயரை இழந்தோர் பலர். இணையப் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகேன் கழகம் அந்நிறுவனத்துக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை நீக்கியது. ஏறக்குறைய 8 இலட்சத்து 50 ஆயிரம் பெயர்கள் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. அதன் பின்னரே, பதிவு விபரங்களின் பிரதியைப் பதிவு நிறுவனங்கள் மூன்றாந் தரப்பிடம் ஒப்படைத்து வைக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அந்த ஏற்பாடும், பதிவில் உண்மையான உரிமையாளரின் பெயர் இருந்தால் மட்டுமே அவருக்குத் துணைநிற்கும்.

பெயர் கைவசம் இருந்தாலும், இடத்தில் வைத்த பொருள் அழியக்கூடும். 2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பேர்க் நகரில், ஓ.வி.எச். நிறுவனத்தின் சேவையகக் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. அது ஐரோப்பாவின் பெரிய நிறுவனங்களுள் ஒன்று. காப்புப் பிரதிக்கென்று தனியே பணம் செலுத்திய ஒரு வாடிக்கையாளரின் பிரதியும் எரிந்த அதே கட்டடத்தில் இருந்தமை, பின்னர் வழக்கில் வெளிப்பட்டது. நம் நாட்டிலும் 2023 ஓகஸ்டு மாதத்தில் அரசாங்க மேகக்கணினி அமைப்பு பணயத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைப்பு மீட்கப்பட்டது; ஆனால் மே 17 முதல் ஓகஸ்டு 26 வரையிலான தரவுகளுக்குக் காப்புப் பிரதி இல்லாமையால் அவை இழக்கப்பட்டன. பெரிய நிறுவனத்துக்கும் அரசாங்கத்துக்கும் நேர்ந்தது சிறு விடுதிக்கு நேராது என்று எண்ணுதல் கூடாது.

இவற்றிலிருந்து பெறப்படும் வழிமுறைகள் எளியன. பெயரை உரிமையாளர் தம் சொந்தப் பெயரிலும், தாமே பயன்படுத்தும் மின்னஞ்சல் முகவரியிலும் பதிவு செய்தல் வேண்டும். அக்கணக்கின் கடவுச்சொல் தளம் அமைத்துத் தரும் இளைஞரிடம் மட்டும் இருத்தல் ஆகாது. அவர் நேர்மையானவராயினும், நாளை வேலை தேடி வெளிநாடு செல்லக்கூடும். இயலுமாயின் பெயரை ஓரிடத்திலும், இடத்தை வேறிடத்திலும் வைத்துக்கொள்ளுதல் நன்று. மாதம் ஒருமுறையேனும் தளம் முழுவதையும் பிரதி எடுத்துத் தம் கணினியிலோ, தனித் தட்டிலோ சேமித்தல் வேண்டும். எடுத்த பிரதியைத் திறந்து பார்த்தலும் அவசியம்; திறவாத பிரதி இல்லாத பிரதிக்குச் சமம்.

பணம் செலுத்துமுன் நிறுவனத்தையும் சோதித்தல் வேண்டும். இலங்கைக் கம்பனி எனின், அது கம்பனிப் பதிவாளர் திணைக்களத்திற் பதிவானதா என்று பார்க்கலாம். விலாசமும் தொலைபேசியும் உள்ளனவா என்று நோக்கலாம். இரவில் ஒரு கேள்வி எழுதியனுப்பி, விடை எவ்வளவு நேரத்தில், எத்தகைய அறிவோடு வருகின்றது என்று அளந்து பார்க்கலாம். வாங்குமுன் விடை தராதோர் வாங்கியபின் தருவர் என்று எதிர்பார்த்தல் வீண். ‘மிகச் சிறந்த பத்து நிறுவனங்கள்’ எனப் புகழ்ந்துரைக்கும் பட்டியல்கள் பலவும், ஆள் சேர்ப்பதற்குத் தரகுப் பணம் பெற்று எழுதப்படுவன. புகழுரையைவிடக் குறையுரையே மிகுதியும் கற்பிக்கும். முதலிற் சில மாதங்களுக்கு மட்டும் கட்டணம் செலுத்தி, மனநிறைவு ஏற்பட்டபின் ஆண்டுக் கட்டணத்துக்கு மாறுதல் அறிவுடைமை. மூன்றாண்டுப் பணத்தை முன்கூட்டியே செலுத்தியவரின் நட்டமும் மும்மடங்காகலாம். பற்றுச்சீட்டையும் ஒப்பந்தத்தையும் பத்திரப்படுத்துதல் வேண்டும். உள்நாட்டு வியாபாரத்தில் நேரும் ஏமாற்றத்தை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறைப்பாடு செய்யவும் இடமுண்டு.

நிறுவனம் தள்ளாடுவதற்கான அறிகுறிகளும் உண்டு. தளம் அடிக்கடி நிற்கும், மறுமொழிகள் தாமதிக்கும், திடீரென்று மிகப் பெரிய கழிவு அறிவிக்கப்படும். அந்நிலையில் சச்சரவில் இறங்குமுன் முதலிற் பிரதி எடுத்தல் வேண்டும். அடுத்துப் பெயரை வெளியே கொண்டுசெல்லுதல் வேண்டும். பணத்தைத் திரும்பக் கேட்பது அதன் பின்னரே. ‘டொட் கொம்’ முதலிய பெயர்களை மாற்றுவதற்கு ஓர் இரகசியக் குறியீடு தேவை; உரிமையாளர் கேட்டால் அதனை 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது ஐகேன் விதி. புதிதாகப் பதிந்த பெயரை முதல் 60 நாளுக்குள் மாற்ற இயலாமற் போகலாம் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். காலாவதியான பெயர் நீக்கப்பட்டாலும், 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்குக் கட்டணம் அதிகம். அக்காலமும் கழிந்தால், பெயர் யாரும் எடுத்துக்கொள்ளும் பொருளாகிவிடும்.

லயத்து வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் காணி உறுதி கையில் இல்லாதோரின் கவலையைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கூரை எவ்வளவு நன்றாக வேயப்பட்டிருக்கின்றது என்பதைவிட, உறுதி யார் பெயரில் இருக்கின்றது என்பதே பெரிய கேள்வி என அவர்கள் அறிவர். இணையத்தில் அவ்வுறுதியைப் பெறுவது அத்துணைக் கடினமன்று. சில ஆயிரம் ரூபாயும் ஒருநாட் கவனமுமே வேண்டும். பெயர் தம்முடையதாயும், பிரதி தம்மிடத்ததாயும் இருக்குமாயின், இடம் தந்த நிறுவனம் ஓரிரவில் மறைந்தாலும், மறுநாளே வேறிடத்திற் கதவைத் திறந்து, வரும் விருந்தினரை வரவேற்கலாம்.