பழைய விளையாட்டின் குரல் எங்கே இருக்கிறது?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் செய்த எம்10 போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் செய்த எம்10 நட்டு அதில் தடையின்றி ஏறும். தண்டின் விட்டம் 10 மில்லிமீட்டர், அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே உள்ள தூரம் 1.5 மில்லிமீட்டர் என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. அதே விட்டத்தில் மரைத் தூரம் 1.25 மில்லிமீட்டராக உள்ள நட்டு ஓரிரு சுற்றிலேயே இறுகி நின்றுவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே, பொருத்தத்தில் வேறு.

கணிப்பொறிக்கும் இத்தகைய பொருத்தம் தேவை. அளவுகளை முன்கூட்டி யாரும் வகுத்துத் தராதபோது என்ன நேரும் என்பதற்கு, 1980களிலும் 1990களிலும் வெளிவந்த கணிப்பொறி விளையாட்டுகளின் ஒலி நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஒற்றைச் சுருதிப் பெட்டி

ஐ.பி.எம். நிறுவனத்தின் பி.சி. என்னும் கணிப்பொறி 1981 ஆகஸ்டில் வெளிவந்தது. அலுவலக வேலைக்கெனச் செய்யப்பட்டதால், அதில் இசைக்கென ஒன்றுமில்லை. ஒரு சிறிய ஒலிபெருக்கி மட்டுமே இருந்தது. நொடிக்கு 11,93,182 முறை துடிக்கும் ஒரு கடிகாரத் துடிப்பை, நாம் தரும் எண்ணால் வகுத்து, கிடைக்கும் அதிர்வெண்ணில் அந்த ஒலிபெருக்கியை அது இயக்கியது. 2712 என்ற எண்ணைத் தந்தால் ஏறத்தாழ 440 அதிர்வுகள் கொண்ட சுரம் பிறக்கும். ஒரு நேரத்தில் ஒரே சுரம். உரக்கவோ மெல்லவோ ஒலிக்கச் செய்ய வழியில்லை.

உண்மையான இசையைப் பதிவுசெய்து வட்டில் வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் பாருங்கள். நொடிக்கு 22,050 மாதிரிகள், மாதிரிக்கு ஒரு பைட் எனக் கொண்டால், 360 கிலோபைட் கொள்ளும் நெகிழ்வட்டு முழுவதும் 17 நொடி இசைக்குக்கூடப் போதாது. எனவே இசையைச் சேமிப்பதைவிட, அதை அவ்வப்போது உண்டாக்கும் கருவி ஒன்று தேவைப்பட்டது.

நடுக்கத்திலிருந்து பிறந்த நாதம்

வீணையில் கமகம் வாசிக்கும்போது விரல் தந்தியை அசைக்க, சுரம் மேலும் கீழுமாக ஊசலாடுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஊசலாட்டம் நொடிக்குச் சில முறை நிகழ்கிறது. அதுவே நூற்றுக்கணக்கான முறை நிகழ்ந்தால்? அப்போது காது ஊசலாட்டத்தை உணர்வதில்லை. புதியதொரு நாதத்தைக் கேட்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் சௌனிங் 1967-இல் இதைக் கண்டறிந்தார். ஓர் அலை மற்றோர் அலையின் அதிர்வெண்ணை அசைத்தால், பல துணைச் சுரங்கள் ஒருங்கே பிறக்கின்றன. மணி, குழல், தந்தி ஆகியவற்றின் சாயலை இரண்டே அலைகளால் ஓரளவு காட்டிவிடலாம்.

ஜப்பானின் யமஹா நிறுவனம் இம்முறையை உரிமம் பெற்றுச் சில்லுகளில் அமைத்தது. அவற்றுள் ஒன்று ஒய்.எம்.3812. ஒன்பது குரல்கள், குரலுக்கு இரண்டு அலைகள். கனடாவின் கியூபெக் நகரில் இருந்த ஆட்லிப் நிறுவனம் இச்சில்லை ஓர் அட்டையில் பொருத்தி 1987-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சியரா நிறுவனம் 1988-இல் வெளியிட்ட கிங்ஸ் குவெஸ்ட் 4 என்னும் விளையாட்டு இவ்வட்டைக்கென இசை அமைத்த முன்னோடிகளுள் ஒன்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விளையாட்டின் வட்டில் இருந்தது இசை அன்று, இசைக்கான கட்டளைகளே. "இக்குரலில் இச்சுரத்தை ஒலி" என்பது போன்ற எண்கள் மட்டுமே அதில் இருந்தன. நாதம் இருந்தது சில்லில். சில்லு மாறினால் குரலும் மாறும். சில்லு இல்லையேல் மௌனம்தான்.

இடைத்தரகர் இல்லாத காலம்

இன்று ஒரு செயலி ஒலி எழுப்ப விரும்பினால் இயக்க முறைமையிடம் சொல்கிறது. எந்தச் சில்லு என்பதை அது அறியவேண்டியதில்லை. அன்றைய டாஸ் முறைமையில் ஒலிக்கான அத்தகைய ஏற்பாடு இல்லை. விளையாட்டு நிரலே அட்டையின் வாசல் எண்ணை அறிந்து, அங்கே நேரடியாக எண்களை எழுதியது. ஆட்லிப்பின் வாசல், பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 388.

சில்லு மெதுவானது. ஓர் எண்ணை எழுதியபின் அது ஏற்றுக்கொள்ளும்வரை நிரல் காத்திருக்க வேண்டும். சில இடங்களில் 23 மைக்ரோநொடி. அதற்கெனப் பல நிரல்கள் அதே வாசலை 35 முறை வெறுமனே படித்துப் பொழுதைப் போக்கின. சில நிரல்களோ காலியான சுற்றுகளை எண்ணிக் காத்திருந்தன. பிற்காலத்தில் நுண்செயலியின் வேகம் கூடியதும் அந்தச் சுற்றுகள் விரைந்து முடிந்தன. சில்லு தயாராகுமுன் அடுத்த எண் வந்து விழுந்தது. விளைவு, பிழையான ஒலி. பொருத்தம் என்பது வடிவத்தில் மட்டுமன்று, காலத்திலும் வேண்டும்.

சிங்கப்பூர் தந்த அளவுகோல்

சிம் வோங் ஹூ சிங்கப்பூரில் 1981-இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியிட்டது. அதே ஒய்.எம்.3812 சில்லு அதிலும் இருந்ததால், ஆட்லிப்புக்கென எழுதிய விளையாட்டுகள் அனைத்தும் அதில் ஒலித்தன. கூடவே, பதிவுசெய்த பேச்சையும் வெடியோசையையும் எழுப்பும் பகுதியும் இருந்தது. பழையதை விடாமல் புதியதைச் சேர்த்ததே அதன் வெற்றி. ஆட்லிப் 1992-இல் நொடித்துப்போனது. எந்தக் குழுவும் கூடி வகுக்காமலே சவுண்ட் பிளாஸ்டர் ஓர் அளவுகோல் ஆயிற்று. பிற நிறுவனங்கள் தம் அட்டைகளையும் அதைப்போலவே இயங்கச் செய்தன.

ஆயினும் மூன்று எண்கள் சரியாக அமைய வேண்டியிருந்தது. முதலாவது வாசல் எண், பெரும்பாலும் 220. இரண்டாவது, நுண்செயலியின் உதவியின்றி நினைவகத்திலிருந்து ஒலியை அட்டைக்குக் கொண்டுசெல்லும் வாய்க்காலின் எண், பெரும்பாலும் 1. மூன்றாவது, "இந்தப் பகுதி முடிந்தது, அடுத்ததைத் தா" என்று அட்டை குரல் கொடுக்கும் கம்பியின் எண், 5 அல்லது 7. ஏழாம் கம்பியை அச்சுப்பொறியும் பயன்படுத்தியதால் மோதல் நேர்ந்தது. இந்த மூன்றாவது எண் தவறினால், முதல் துண்டு மட்டும் ஒலித்து நின்றுவிடும், அல்லது அதுவே திரும்பத் திரும்ப ஒலிக்கும். நோயின் குறி இப்படியிருந்தால் கோளாறு எங்கே என்று நீங்களே சொல்லிவிடலாம்.

பின்னர் பழைய ஐ.எஸ்.ஏ. துளைகளின் இடத்தைப் பி.சி.ஐ. துளைகள் பிடித்தன. அவற்றில் அந்தப் பழைய வாய்க்கால் இணைப்பு இல்லை. 1995-இல் வந்த விண்டோஸ் 95 முதல், அட்டையோடு பேசும் பொறுப்பு மெல்ல மெல்ல இயக்க முறைமைக்கு மாறியது. புதிய விளையாட்டுகளுக்கு அது விடுதலை. பழைய விளையாட்டுகளோ ஊமையாயின.

சில்லைத் திறந்து படித்தவர்கள்

2002-இல் முதன்முதலில் வெளிவந்த டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருள், பழைய கணிப்பொறியையும் அதன் அட்டையையும் முழுக்க நிரலாலேயே நடித்துக் காட்டுகிறது. நடிப்பு பிசகாமலிருக்க, சில்லின் உள்ளமைப்புத் தெரியவேண்டும். மேத்யூ கேம்ப்ரெல், ஒல்லி நியெமிதாலோ ஆகிய இருவர் 2008-இல் யமஹா சில்லின் மேலுறையை நீக்கி, உட்பரப்பைப் படமெடுத்து, அதில் பொறிக்கப்பட்டிருந்த எண்களைப் படித்தனர். அங்கே இருந்தவை நம் பள்ளி மாணவர்களுக்குப் பழக்கமானவையே: சைன் அலையின் கால்பகுதிக்குரிய 256 மடக்கை மதிப்புகளும், அவற்றைத் திருப்பும் எதிர்மடக்கை அட்டவணையும். பெருக்கலுக்குப் பெரிய மின்சுற்று தேவை. மடக்கைகளைக் கூட்டினால் அதே விடை எளிதில் கிடைக்கும். நாம் மடக்கை அட்டவணையைப் புரட்டும் அதே காரணத்துக்காகத்தான் அந்தச் சில்லும் அதை வைத்திருந்தது.

இது விளையாட்டுப் பிரியர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. ஐ.எஸ்.ஏ. அட்டையையும் டாஸையும் நம்பிச் செய்யப்பட்ட கடைசல் எந்திரங்களும் அளவுக்கருவிகளும் உண்டு. இரும்பும் மோட்டாரும் நன்றாயிருக்க, உள்ளங்கையகல அட்டை ஒன்று கெட்டு, மாற்று கிடைக்காததால் முழு எந்திரமும் முடங்கிப்போகலாம். ஒலி அட்டைக்கு வந்த அதே நோய்தான் இது. விவரக் குறிப்பைப் பத்திரப்படுத்தியிருந்தால் மருந்தும் உண்டு.

ஆகவே, உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பழைய அட்டை கிடைத்தால், எடைக்குப் போடுமுன் சில்லின் மேலுள்ள எண்ணைப் படித்துப் பாருங்கள். பயன்படுமானால், கற்பவர் ஒருவரிடம் சேருங்கள். பயனற்றதானால் குப்பையோடு எரிக்க வேண்டாம்; பழைய பற்றவைப்பில் ஈயம் உண்டு, அது மண்ணிலும் மூச்சிலும் கலக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேரவேண்டும். அட்டை போனாலும் போகட்டும். அது எப்படி இயங்கியது என்ற குறிப்பு மட்டும் போய்விடக்கூடாது. குறிப்பு இருக்கும்வரை குரலை மீட்கலாம்.