நாய்ப் புண்ணுக்கு லேசர்

கால்நடை மருத்துவமனை மேசையில் நாய் படுத்திருக்கிறது. தொடையில் உள்ளங்கை அகலத்துக்குச் சீழ் கட்டிய புண். மருத்துவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார், நாயைப் பிடித்திருப்பவருக்கும் ஒன்று தருகிறார். நாய்க்கும் ஒன்று மாட்டிவிடுகிறார்கள். லேசர் கருவியின் முனையில் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். பல கருவிகளில் அது வெறும் வழிகாட்டிதான். வேலை செய்வது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர். கண்ணாடி அதற்காகத்தான்.

இந்த வைத்தியம் பிறந்ததே ஒரு தற்செயல். தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டியது 1960இல். ஏழு ஆண்டு கழித்து, புடாபெஸ்ட் மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், முதுகு மழித்த எலிகள் மேல் வலுக்குறைந்த லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். லேசரால் புற்றுநோய் வருமா என்பது அவர் கவலை. புற்று வரவில்லை, மழித்த இடத்தில் மயிர்தான் சீக்கிரம் முளைத்தது!

செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு நொதி இந்த ஒளியை உறிஞ்சுகிறது. அதனால் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். புண்ணோரத்துச் செல்கள் சுறுசுறுப்பாகிப் புதுத் தசை வளரும், வீக்கமும் வலியும் குறையும்.

ஆனால் இந்த ஒளி கிருமியைக் கொல்வதில்லை. சில ஆய்வகச் சோதனைகளில் பாக்டீரியாக்கள் கூடுதலாக வளர்ந்ததும் உண்டு. ஆகவே பழைய வேலைகள் எதுவும் குறையாது: மயிரை மழிக்க வேண்டும், உப்புநீரால் கழுவ வேண்டும், செத்த தசையை வெட்டி எடுக்க வேண்டும், சீழைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று அப்போதுதான் தெரியும். இதையெல்லாம் விட்டுவிட்டு லேசரை மட்டும் காட்டினால் காசுக்குத்தான் கேடு.

கிருமியையே ஒளியால் கொல்ல வேறொரு வழி இருக்கிறது. மெத்திலீன் நீலச் சாயத்தைப் புண்ணில் தடவி, அதன்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவது. சாயம் ஒளியை வாங்கி, பக்கத்திலுள்ள ஆக்ஸிஜனை முரடாக்கிவிடும். அது கிருமியின் உறையைச் சிதைக்கும். மருந்துக்கு அசையாத கிருமிகளும் இதில் சாவதுண்டு.

முதலில் சொன்ன லேசர் வைத்தியத்தின் அளவுக் கணக்கு எளிது. 20 சதுர செ.மீ. புண்ணுக்குச் சதுர செ.மீ.க்கு 4 ஜூல் என்றால் 80 ஜூல்; அரை வாட் கருவிக்கு 160 நொடி. கூட்டிக் கொடுத்தால் சீக்கிரம் ஆறும் என்று எண்ண வேண்டாம். அளவு மிஞ்சினால் பலன் குறையும். வலுவான கருவியை ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் சுடும், அதிலும் கறுப்பு நாய்க்குச் சீக்கிரமே சுடும். புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்தில் காட்டவே கூடாது.

நாய்களில் நடந்த ஆய்வுகள் ஒரே பக்கம் பேசவில்லை. சிலவற்றில் புண் விரைவாக ஆறியது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. அவற்றிலும் பல, அறுவைசெய்த சுத்தமான காயங்களில் நடந்தவை. சீழ்ப் புண் வேறு சங்கதி.

சிகிச்சை முடிந்து கீழே இறக்கிவிட்டதும் நாய் முதலில் செய்வது புண்ணை நக்குவதுதான். கழுத்தில் கூம்பை மாட்டாமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.