தொண்டை அடைப்பான்
தொண்டை அடைப்பான் என்பது மாடு, எருமை ஆகியவற்றைத் தாக்கும் கொடிய தொற்றுநோய் ஆகும். பாசுச்சுரெல்லா மல்டோசிடா என்னும் பாக்டீரியா இதற்குக் காரணம். ஆசியாவில் பி:2 வகையும் ஆப்பிரிக்காவில் ஈ:2 வகையும் இந்நோயை ஏற்படுத்துகின்றன. மழைக்காலத்தில் இது மிகுதியாகப் பரவும். புதுக்கோட்டை மாவட்டம் வடகிழக்குப் பருவமழையால் பெருமளவு மழை பெறுவதால், அதற்கு முந்தைய மாதங்கள் தடுப்பூசிக்கு ஏற்றவை.

நோய்க்குறிகள்
கடுங்காய்ச்சல், எச்சில் வடிதல், தொண்டை வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியன முதன்மையானவை. எருமைகள் எளிதில் பாதிக்கப்படுகின்றன. குறிகள் தோன்றிய ஒரு நாளுக்குள்ளேயே இறப்பு நேரலாம்.

குருதியில் ஏற்படும் மாற்றங்கள்
பாக்டீரியாவின் புறச்சுவரிலுள்ள அகநச்சு, வெள்ளணுக்களைத் தூண்டி அழற்சிப் பொருட்களைச் சுரக்கச் செய்கிறது. இதனால் குருதிக்குழாய்கள் விரிந்து, நீர்மம் வெளியே கசிந்து, குருதியழுத்தம் வீழ்கிறது. அதே வேளையில் நுண்குழாய்களில் குருதி உறைகிறது. உறைதற் காரணிகளும் குருதிச் சிறுதட்டுகளும் இவ்வாறு தீர்ந்துபோவதால் பிற இடங்களில் குருதிக்கசிவு ஏற்படுகிறது. உறைதலும் கசிவும் ஒருங்கே நிகழ்வதே சிகிச்சையைக் கடினமாக்குகிறது.

மருந்துகளின் விளைவுகள்
* நுண்ணுயிர் எதிர்ப்பிகள்: தொடக்கத்திலேயே கொடுத்தால் பயன் தரும். நச்சு பரவிய பின் பாக்டீரியா அழிந்தாலும் அதிர்ச்சி நீங்குவதில்லை.
* சிரைவழி நீர்மங்கள்: குருதியின் கன அளவை மீட்கின்றன.
* புளூனிக்சின்: திராம்பொக்சேன், புரோசுட்டாகிளாண்டின் ஆகியவை உருவாவதைக் குறைக்கிறது. அகநச்சு செலுத்தப்பட்ட விலங்குகளில் குருதியழுத்த வீழ்ச்சியைத் தணித்துள்ளது. நீரிழப்புற்ற விலங்கின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.
* எப்பாரின்: உறைதலைத் தடுக்கிறது, எனினும் குருதிக்கசிவைக் கூட்டும் இடர் உண்டு.

விலங்காய்வில் கிடைக்கும் வெற்றி எப்போதும் நிலைப்பதில்லை. தூண்டப்பட்ட புரதம் சி, 1987 இல் வெளியான ஆய்வில் பபூன் குரங்குகளைக் காத்தது. 2001 இல் மனிதர்களுக்கான மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அது, இறப்பைக் குறைக்கவில்லை எனப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியதால் 2011 இல் திரும்பப் பெறப்பட்டது.

டைக்குளோபினாக் செலுத்தப்பட்ட கால்நடைகளின் உடலை உண்ட பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் இறந்தன. எனவே அதன் கால்நடைப் பயன்பாட்டை இந்தியா 2006 இல் தடை செய்தது. கீட்டோபுரோபென், அசிக்குளோபினாக் ஆகியவை 2023 இல் தடை செய்யப்பட்டன.

தடுப்பு
எண்ணெய் கலந்த தடுப்பூசி ஏறத்தாழ ஓராண்டும், படிகாரம் கலந்தது நான்கு முதல் ஆறு மாதங்களும் பாதுகாப்பு அளிக்கின்றன. நோயுற்ற மாட்டைப் பிரித்துக் கட்டுதலும், பொதுக் குளத்தில் நீர் அருந்த விடாதிருத்தலும் பரவலைக் குறைக்கும்.