சமாதானப் பேச்சும் படைத் தளவாடமும்: 1783-84இல் கொங்கு நாட்டில் ஃபுல்லர்ட்டனின் தென்படை

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் மைசூர்ப் போரின் இறுதிக் கட்டத்தில், மங்களூரில் சமாதானப் பேச்சு தொடங்கவிருந்த வேளையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் தென்படை கர்னல் வில்லியம் ஃபுல்லர்ட்டன் தலைமையில் கொங்கு நாட்டில் நிலைகொண்டிருந்தது. அப்படைக்கு உணவு, மாடு, பணம், செய்தி ஆகியன எவ்வாறு கிடைத்தன என்பதையும், அவை சமாதானப் பேச்சில் பெற்ற இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது. கொங்கு நாட்டைப் போர்க்களமாக மட்டும் காணும் வழக்கத்தினின்று விலகி, படைகளின் களஞ்சியமாகக் கண்டால் புலப்படும் உண்மைகளை எடுத்துரைப்பது இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, ஃபுல்லர்ட்டன், மங்களூர் உடன்படிக்கை, கெஜலட்டிக் கணவாய், பொதிமாடு, சுவார்ட்ஸ்.

முன்னுரை

கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் வட்டாரத்தின் பதினெட்டாம் நூற்றாண்டு வரலாறு பெரும்பாலும் 1790ஆம் ஆண்டுப் போரிலிருந்தே எழுதப்படுகிறது. அவ்வாண்டு செப்டம்பர் 13 அன்று சத்தியமங்கலத்தருகே திப்பு சுல்தானின் படையும் கர்னல் ஃபிளாயிடின் படையும் மோதியமை பலரும் அறிந்ததே. அதற்கு ஏழாண்டுகள் முன்னர், பெரிய சண்டை ஏதும் இவ்வட்டாரத்தில் நிகழாமலேயே, ஒரு படை வந்து தங்கி, தன்னை ஆயத்தப்படுத்திக்கொண்டு, கட்டளைக்குக் காத்திருந்து, இறுதியில் கைப்பற்றியவற்றை விட்டுத் திரும்பியது. சண்டை நிகழாமையால் இந்நிகழ்வு நூல்களில் சில வரிகளோடு முடிந்துவிடுகிறது. ஆயினும் படையைப் பேணுதல் என்னும் பொருளை ஆராய்வோர்க்கு இதுவே செறிவான சான்றாகும். ஃபுல்லர்ட்டன் 1787இல் இலண்டனில் வெளியிட்ட, இந்தியாவில் ஆங்கிலேயரின் நலன்கள் குறித்த நூல் இதற்கு முதன்மை ஆதாரமாகும். தம் செயல்களுக்கு நியாயம் கூறும் தளபதியின் எழுத்து அது என்பதை மனத்திற்கொண்டே அதனைப் பயன்படுத்துதல் வேண்டும்.

போரின் நிலை

1782 டிசம்பர் 7 அன்று ஐதர் அலி காலமானார். திப்பு மேற்குக் கடற்கரையில் கவனம் செலுத்திய வேளையில், 1783இன் முற்பகுதியில் கம்பெனியின் தென்படை கரூர், அரவக்குறிச்சி, திண்டுக்கல் ஆகிய கோட்டைகளைக் கைக்கொண்டது. பின்னர்த் தலைமையேற்ற ஃபுல்லர்ட்டன் தாராபுரத்தைப் பிடித்தார். கடலூர் முற்றுகைக்கு உதவ அவர் அழைக்கப்பட்டமையால் அம்முயற்சி இடையில் நின்றது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஐரோப்பாவில் சமாதானம் செய்துகொண்ட செய்தி எட்டியதும் கடலூரில் போர் ஓய்ந்தது. ஃபுல்லர்ட்டன் தெற்கே சென்று பாஞ்சாலங்குறிச்சி, சிவகிரிப் பாளையங்களை அடக்கி, மீண்டும் கொங்கு நோக்கித் திரும்பினார்.

இதற்கிடையே 1783 ஆகஸ்டு 2 அன்று மங்களூரில் போர்நிறுத்தம் ஏற்பட்டது. முற்றுகையிடப்பட்டிருந்த கோட்டைப் படைக்கு உணவுப் பொருள் செல்ல இடமளித்தல் அதன் முக்கிய நிபந்தனையாகும். அந்நிபந்தனை முறையாக நிறைவேறவில்லை என ஆங்கிலேயர் முறையிட்டனர். அக்காரணத்தையே முன்வைத்து ஃபுல்லர்ட்டன் பாலக்காட்டை நோக்கிப் படை நடத்தினார். மங்களூர்க் கோட்டையின் பட்டினியே கொங்கில் படை நகர்வுக்கு நியாயமாகக் காட்டப்பட்டது என்பது கருதத்தக்கது.

படைக்கு வேண்டியன

*அ) தானியமும் மாடும்*

ஃபுல்லர்ட்டனிடம் ஏறத்தாழ 13,500 போர்வீரர் இருந்தனர். நாளொன்றுக்கு ஒருவர்க்கு ஒரு கிலோ தானியம் எனக் கொண்டால் 13 டன்னுக்கு மேல் வேண்டும். பொதிமாடு ஒன்று ஏறத்தாழ 100 கிலோ சுமக்கும் என வைத்துக்கொண்டால் ஒரு நாள் உணவுக்கு 135 மாடுகளும், ஒரு மாத உணவுக்கு 4,000 மாடுகளும் தேவைப்படும். இது அளவை உணர்த்தும் எளிய கணக்கே. வீரரைவிட எண்ணிக்கையில் மிகுந்த கூடாரக்காரர், சமையற்காரர், கடைக்காரர், அவர்தம் குடும்பத்தார், குதிரைகளுக்கான கொள்ளு, பீரங்கி இழுக்கும் காளைகள் ஆகியவற்றையும் சேர்த்தால் தேவை பன்மடங்காகும்.

இத்தேவையை நெடுந்தொலைவிலிருந்து நிறைவேற்ற இயலாது. சுமக்கும் மாடும் வழியில் உண்ணவேண்டும். நடை நீள நீள, கொண்டுசேர்க்கும் தானியத்தின் பங்கு குறையும். எனவே படை தங்கும் நாடே படையை ஊட்டவேண்டும். கொங்கு நாடு அதற்குத் தகுதியுடையதாக இருந்தது. மேட்டு நிலத்தில் கம்பும் சோளமும் விளைந்தன. பவானியாற்றின் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்தில் கோபி வட்டாரம் நெல் தந்தது. பவானி கூடுதுறை அருகிலிருந்து காலிங்கராயன் வாய்க்கால் நொய்யல்வரை வயல்களை நனைத்தது. பின்னாளில் காங்கேயம் காளை எனப் புகழ்பெற்ற மாட்டினமும் இந்நாட்டின் மேய்ச்சல் நிலங்களுக்குரியது.

மைசூர் அரசு மாட்டின் அருமையை முன்பே உணர்ந்திருந்தது. சிக்க தேவராயர் காலத்தில் தொடங்கிய அரண்மனை மாட்டுப் பண்ணையை ஐதர் படைக்குரியதாக வளர்த்தார். திப்பு அதற்கு அமிர்த மகால் எனப் பெயரிட்டார். மைசூர்ப் படைகளின் விரைவுக்கு அது பெருங்காரணம். கம்பெனிக்கு அத்தகைய நிலையான அமைப்பு அன்று இல்லை. போர்தோறும் வாடகைக்கு மாடு தேடவேண்டியிருந்தது.

*ஆ) பணம்*

தென்படையின் சம்பளம் பல மாதங்கள் நிலுவையில் இருந்தது. சென்னைக் கருவூலம் வறண்டிருந்தது. பாளையங்களில் தண்டிய தொகையும், கைப்பற்றிய கோட்டைகளில் கிடைத்த பொருளுமே சிப்பாய்களை ஓரளவு அமைதிப்படுத்தின. சம்பளம் பெறாத படை ஊரைக் கொள்ளையிடும். கொள்ளையுற்ற ஊர் அடுத்த மாதம் தானியம் தராது. ஆகவே பணம் என்பது இங்கு உணவின் மறுவடிவமாகவே செயற்பட்டது.

*இ) கோட்டைத் தொடர்*

திண்டுக்கல், கரூர், அரவக்குறிச்சி, தாராபுரம் என ஒரு தொடர் அமைந்தபின், அவை ஒவ்வொன்றும் பண்டக நிலையமாயின. ஆனைமலைக் காட்டு வழியே பாலக்காடு சென்றபோது தொடர்மழை பெய்தது. மரங்களை வெட்டி, பள்ளங்களை நிரப்பி, யானைகளின் உதவியால் பீரங்கிகளை நகர்த்த வேண்டியிருந்தது. 1783 நவம்பரில் பாலக்காடு வீழ்ந்தது. அங்குப் பெருமளவு தானியமும் வெடிமருந்தும் கிடைத்தன. அம்மாத இறுதியில் கோயம்புத்தூரும் கைக்கு வந்தது.

கெஜலட்டிக் கணவாயை நோக்கி

கோயம்புத்தூரிலிருந்து சீரங்கப்பட்டணத்துக்குப் படை செல்லத்தக்க வழி சத்தியமங்கலம், தணாயக்கன்கோட்டை, மோயாற்றுப் பள்ளத்தாக்கு, கெஜலட்டிக் கணவாய் வழியாகச் சென்றது. இன்று பவானிசாகர் நீர்த்தேக்கத்துள் அடங்கிவிட்ட தணாயக்கன்கோட்டை அன்று அவ்வழியின் வாயிலாக விளங்கியது. மலையேறுமுன் ஒரு படை இறுதியாகத் தானியம் சேர்க்கவும் மாடுகளைத் தேற்றவும் கூடிய இடம் பவானியின் இரு கரைகளே. எனவே ஃபுல்லர்ட்டனின் திட்டத்தில் இன்றைய கோபி, சத்தி வட்டாரங்கள் அடுத்த பண்டக நிலையமாக அமையவேண்டியவை. திப்புவின் பெரும்படை மங்களூர் முன் நின்றமையால் தலைநகர்ப் பாதை திறந்திருப்பதாக அவர் கருதினார்.

கட்டளையும் மறுகட்டளையும்

சென்னை ஆளுநர் மெக்கார்ட்னி சமாதானத்தை விரைவுபடுத்த விரும்பினார். அந்தோனி சாட்லியர், ஜார்ஜ் லியோனார்டு ஸ்டாண்டன் ஆகியோர் தூதராக அனுப்பப்பட்டனர்; பின்னர் ஹட்லஸ்டன் சேர்ந்தார். பிடித்த இடங்களை விட்டுப் பின்வாங்குமாறு ஃபுல்லர்ட்டனுக்கு ஆணை வந்தது. அவர் வெளியேறத் தொடங்கியபின், நிறுத்துமாறு மற்றோர் ஆணை வந்தது. அதற்குள் பாலக்காடு கைவிட்டுப் போயிருந்தது. 1784 சனவரி 30 அன்று மங்களூர்க் கோட்டைப் படை பசியாலும் நோயாலும் தளர்ந்து சரணடைந்தது. மார்ச் 11 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின்படி இரு தரப்பினரும் பிடித்தவற்றைத் திருப்பியளித்தனர். கொங்கு மீண்டும் மைசூர் ஆட்சிக்குட்பட்டது.

தஞ்சையில் சமயப்பணி ஆற்றிய சுவார்ட்ஸ் இப்பேச்சுக்குத் துணைபுரியுமாறு வேண்டப்பட்டார். ஃபுல்லர்ட்டனின் பாசறைக்கு வந்து சத்தியமங்கலம்வரை சென்ற அவரைத் திப்புவின் அலுவலர் மலையேற விடவில்லை. பேச்சு முடியுமுன் வளமான இரு நாடுகளை விட்டுக்கொடுப்பது கடிவாளத்தைக் கைவிடுவதாகும் என்பது அவர் கருத்து. ஃபுல்லர்ட்டனும் அவ்வாறே எழுதினார். மெக்கார்ட்னியின் தரப்பிலும் நியாயம் உண்டு: கருவூலத்தில் பணமில்லை, படை முன்னேறினால் பேச்சு முறியும், திப்புவின் சிறையிலிருந்த ஆங்கிலேயரின் உயிர் அப்பேச்சைச் சார்ந்திருந்தது. இவ்விரு நிலைகளுள் ஒன்றை மட்டும் சரியெனத் தீர்ப்பதைவிட, இரண்டும் தளவாடக் கணக்கிலிருந்தே பிறந்தவை என்பதை உணர்தல் பயனுடையது. தளபதி கொங்கின் களஞ்சியத்தைக் கண்டார். ஆளுநர் சென்னையின் வெறுங்கருவூலத்தைக் கண்டார்.

ஓர் ஒப்பீடு

இத்தகைய நிலை பத்தாண்டுகள் கழித்து அமெரிக்காவின் மேற்கு எல்லையிலும் தோன்றியது. 1791 நவம்பர் 4 அன்று செயிண்ட் கிளேரின் படை பூர்வகுடிக் கூட்டணியிடம் தோற்றபின், தளபதி அந்தோனி வெய்ன் புதுப்படையைத் திரட்டினார். 1793இல் அரசின் தூதர் மூவர் பூர்வகுடியினரோடு பேச முயன்ற காலம் முழுவதும் அவர் சின்சினாட்டி அருகே பாசறையிட்டு, வீரரைப் பயிற்றி, ஒப்பந்தக்காரர் வழியாக உணவு சேர்க்கப் போராடினார். ஆகஸ்டில் பேச்சு முறிந்தது. 1794 ஆகஸ்டு 20 அன்று அவர் வென்றார்; 1795இல் கிரீன்வில் உடன்படிக்கை ஏற்பட்டது. மக்கள் செறிந்து உழவு செழித்த கொங்கில் படை வாழ நாடு இருந்தது. பணமும் தெளிவான ஆணையும் இல்லை. காடடர்ந்த ஒகையோவில் அரசின் ஆதரவு இருந்தது. உணவு முழுவதும் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. ஒகையோவில் இழந்த நிலத்தைப் பூர்வகுடியினர் மீளப் பெறவில்லை என்பதும் இவ்வொப்பீட்டில் மறக்கத்தகாதது.

உழவரின் இடம்

இருதரப்பு ஆவணங்களிலும் தானியம் கிடைத்தது என்ற செய்தி உண்டு. அதனைத் தந்தவர் பெயர் அரிது. இப்போரின்போது தஞ்சைக் கோட்டையில் உணவு தீர்ந்த நிலையில், அரசுக்கு மாடு தர உழவர் மறுத்தனர். முன்பு எடுத்தவற்றுக்கு விலை கொடுக்கப்படாமையே காரணம். சுவார்ட்ஸ் தாமே விலைக்குப் பொறுப்பேற்றதும் ஓரிரு நாள்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் சேர்ந்தது. நாட்டில் நெல் இருந்தது; இல்லாமற்போனது நம்பிக்கையே என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

கொங்கு உழவர்க்கு நிலை இதனினும் கடினம். இன்று ஒரு தரப்புக்குத் தானியம் அளந்தவர், நாளை அத்தரப்பு வெளியேறியதும் மறுதரப்பின் அலுவலர் முன் நிற்கவேண்டும். ஓர் ஆணையும் மறு ஆணையும் சென்னையில் ஏட்டளவில் வேறுபட்டவை. பவானிக்கரை ஊர்களில் அவை வரி, தண்டனை, விதைநெல் இழப்பு ஆகியவற்றோடு இணைந்தவை.

முடிவுரை

1790இல் கம்பெனி இதே நாட்டைத் தளமாகக் கொண்டு இதே கணவாயை நாடியது. திப்பு அக்கணவாய் வழியே இறங்கிவந்து முந்திக்கொண்டார். சத்தியமங்கலத்தில் இழுவை மாடுகள் மடிந்தமையால் ஃபிளாயிடு சில பீரங்கிகளை விட்டுச் செல்ல நேர்ந்தது. 1791 மேயில் காரன்வாலிசு சீரங்கப்பட்டணத்தின் அருகிலிருந்து உணவும் மாடும் இன்றித் திரும்பினார். 1783ஆம் ஆண்டின் பாடம் உடனே கற்கப்படவில்லை என்பதற்கு இவை சான்று. 1799இல்தான் கொங்கு கம்பெனி ஆட்சிக்கு வந்தது.

சமாதானப் பேச்சு நிகழும் காலத்தில் படை சும்மா இருப்பதில்லை, அது உண்கிறது. அதற்கு உணவளிக்கும் நாடு, பேச்சில் இடம்பெறாவிடினும், பேச்சின் எடைக்கல்லாக அமைகிறது. கோபி, சத்தி, அந்தியூர் வட்டாரங்களின் வாய்க்கால் பாசன ஆவணங்கள், ஊர்க் கணக்குகள், வாய்மொழி மரபுகள் ஆகியவற்றை இக்கண்ணோட்டத்தில் ஆராய்ந்தால், தளபதிகளின் நூல்கள் சொல்லாமல் விட்ட பகுதி வெளிப்படும். இளம் ஆய்வாளர்கள் அப்பணியை மேற்கொள்ளுதல் வேண்டும்.