உஷார்! வீட்டு விலை விழுந்தால் யார் தலையில் விழும்?

திருப்பூரில் சைட்டோ வீடோ வாங்கக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

"நம்ம ஊர்ல இடத்து விலை இறங்கவே இறங்காதுங்க" என்று புரோக்கர் சொல்வார். நம்பாதீர்கள். இங்கே வாடகையும் சைட் விலையும் பனியன் ஆர்டரின் பின்னால்தான் ஓடுகின்றன. ஆர்டரோ வேலையோ விற்பனையோ நின்றால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் ஏற்கெனவே பட்டுப் பார்த்திருக்கிறது.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத் தண்ணீரால் நிலம் பாழான விவசாயிகளுக்கு அது நியாயமான தீர்ப்பு. ஆனால் வேலை போன தொழிலாளர்கள் ஊரைக் காலி செய்தார்கள். வாடகையை நம்பிக் கடன் வாங்கி லைன் வீடு கட்டியவர்களுக்கு வாடகை நின்றது, தவணை நிற்கவில்லை.

அடுத்த அடி 2016 செப்டம்பர் 9. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. தமிழகம் முழுக்க சைட் விற்பனை முடங்கியது. அவசரத்துக்கு விற்கலாம் என்று வாங்கிப் போட்டவர்கள் விற்க முடியாமல் தவித்தார்கள். நவம்பரில் பணமதிப்பு நீக்கமும் சேர்ந்துகொண்டது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தபோது கட்டணத்தைக் கட்டி மனையை மீட்டது யார்? பெரும்பாலும் மனை வாங்கியவர்கள்தான். கல் நட்டு விற்ற புரமோட்டர்களில் பலர் அதற்குள் அடுத்த லேஅவுட்டுக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாவது அடி 2025 ஆகஸ்ட் 27. இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் ஆடிப்போயின. நவம்பரில் ரிசர்வ் வங்கி நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட ஏற்றுமதியாளர்களின் கடன் தவணைகளுக்குச் சில மாத அவகாசம் தரலாம் என்றது. நல்ல முடிவு. ஆனால் அதே கம்பெனியில் பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கும் டெய்லரின் வீட்டுக் கடனுக்கு அதில் இடம் இல்லை. ஆர்டர் போனது இருவருக்கும்தான். அவகாசம் ஒருவருக்கு மட்டும்.

இது திருப்பூரோடு நிற்கும் கதை அல்ல. 2008-ல் அமெரிக்காவில் வீட்டுச் சந்தை நொறுங்கியபோது, நிதி நிறுவனங்களைக் காப்பாற்ற அந்நாட்டு அரசு 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கியது. லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. தகுதி பார்க்காமல் கடனை அள்ளிக் கொடுத்தவர்கள் இருக்க, கடன் வாங்கிய ஏழைகளின் மீதும் "பேராசை" என்ற பழி விழுந்தது. அங்கே சில மாநிலங்களிலாவது வீட்டை ஒப்படைத்தால் கடன் தீர்ந்துவிடும். இங்கே அதுவும் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு விலை 28 லட்சம். கைப்பணம் 3 லட்சம், வங்கிக் கடன் 25 லட்சம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 21,700 ரூபாய். ஐந்து வருடம் ஒரு மாதம் தவறாமல் கட்டினால் 13 லட்சம் கட்டியிருப்பீர்கள். ஆனால் அசல் பாக்கி இன்னும் 22 லட்சம் நிற்கும். அந்த நேரத்தில் விலை கால்வாசி இறங்கினால் வீட்டின் மதிப்பு 21 லட்சம். வீட்டையே விற்றாலும் கடன் அடையாது.

மூன்று மாதத் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அதற்கும் பணம் கட்டாவிட்டால் வீட்டுச் சுவரில் சுவாதீன அறிவிப்பை ஒட்டுவார்கள், இரண்டு நாளிதழ்களில் பெயரோடு விளம்பரம் போடுவார்கள். ஏலத்தில் கிடைத்த பணம் போதாவிட்டால் மீதிக்கும் நீங்கள்தான் பொறுப்பு. நட்புக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவரையும் விடமாட்டார்கள்.

போக்கியத்துக்கு இருப்பவர்களுக்கும் இதே ஆபத்து. சொந்த ஊரில் நகையை விற்றுச் சில லட்சங்களைக் கொடுத்துக் குடிவந்திருப்பார்கள். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால், ஏலத்துக்குப் பிறகு வீடும் போகும், போக்கியப் பணத்துக்கு வீட்டுக்காரரின் பின்னால் அலைய வேண்டியதுதான்.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்றரை ஷிப்ட் கூலியை வருமானமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது அந்த அரை ஷிப்ட்தான். ஒற்றை ஷிப்ட் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் தவணை அடங்கவில்லை என்றால் அந்த வீடு வேண்டாம். கணவன், மனைவி இருவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்தால் இரட்டை எச்சரிக்கை தேவை. ஒரே நாளில் இரண்டு வருமானமும் நிற்கலாம்.

உங்களுக்குச் சம்பளம் சனிக்கிழமை. தவணையோ மாதம் ஒருமுறை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தவணையின் கால்பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். கடன் வாங்கும் முன்பே ஆறு மாதத் தவணை கையிருப்பில் இருக்கட்டும்.

நகர ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அங்கீகாரமும், தேவைப்படும் திட்டங்களுக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) பதிவு எண்ணும் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். புரமோட்டர் காட்டும் ஜெராக்ஸ் போதாது, ரெரா இணையதளத்தில் நீங்களே பாருங்கள். போக்கியத்துக்குப் போவதென்றாலும் வில்லங்கச் சான்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அதை இலவசமாகவே பார்க்கலாம்.

தவணை தடுமாறினால் ஒளியாதீர்கள். மூன்றாவது மாதம் வரும் முன்பே வங்கிக்குப் போய், கடனை மறுசீரமைக்கக் கேட்டு எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 60 நாள் நோட்டீஸ் வந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். சுவாதீன நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கோவை கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம். தவணை கட்டுவதற்காக மீட்டர் வட்டிக்கு மட்டும் போய்விடாதீர்கள். வீட்டோடு போக வேண்டியது குடும்பத்தையும் கொண்டுபோகும்.

விலை ஏறும்போது புரோக்கருக்குக் கமிஷன், புரமோட்டருக்கு லாபம், வங்கிக்கு வட்டி, அரசுக்கு முத்திரைத்தாள் வருமானம். விழும்போது நஷ்டம் கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும். பழியும் அவருக்கே. இது அநியாயம். ஏற்றுமதியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் அரசிடம் ஒன்றாகக் கேட்க வேண்டும்: அடுத்த முறை ஆர்டர் விழுந்து நிவாரணம் அறிவித்தால், தொழிலாளியின் வீட்டுக் கடனும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

அது நடக்கும்வரை உங்களுக்குப் பாதுகாப்பு உங்கள் கணக்குதான். ஆர்டரே இல்லாத ஆறு மாதத்தை எப்படிச் சமாளிப்போம் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.