தாதியர் படிப்பு: சம்பளமும் கடனும்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் வீடுகளில் எழும் கேள்விகளுள் ஒன்று, "பிள்ளையைத் தாதியர் படிப்பில் சேர்க்கலாமா?" என்பது. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் என்றால், நாம் எந்தத் துறையில் படித்தாலும், அத்தை மகளுக்கும் பக்கத்து வீட்டுத் தங்கைக்கும் நாமே ஆலோசகர். "நல்ல வேலை, சேர்த்துவிடுங்கள்" என்று சொல்வது எளிது. அந்த ஒரு வரியை நம்பி ஒரு குடும்பம் பத்தாண்டுக் கடனில் இறங்கலாம். ஆகவே, பதில் சொல்லுமுன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மூன்று வழிகள்

நம் நாட்டில் தாதியாவதற்குப் பெரும்பாலோர் செல்லும் வழிகள் மூன்று. முதலாவது, சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்கள். இங்குப் படிப்புக் கட்டணம் இல்லை. மாத உதவித்தொகை உண்டு. பதிலுக்கு அரசாங்கத்திடம் பணியாற்றும் ஒப்பந்தம் உண்டு. இரண்டாவது, எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து, மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் பட்டப்படிப்பு. மூன்றாவது, தனியார் கல்லூரிகளின் மூன்றாண்டு டிப்ளோமா. முதலிரண்டு வழிகளிலும் இடம் கிடைக்காதவர்களே பெரும்பாலும் மூன்றாவதற்கு வருகிறார்கள். கடன் பெருகுவதும் இங்குதான்.

கடனின் கணக்கு

1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். கடனுதவியையே நம்மில் பலர் நம்பியிருக்கிறோம். 2008 முதல் இதற்கு 'உஜ்ரா' எனும் நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. 2014ஆம் ஆண்டின் இறுதியில் தனியார் உயர்கல்விக் கூடங்களின் புதிய மாணவர்களுக்கான கடன் தொகை 15 விழுக்காடு குறைக்கப்பட்டது. எனவே, இந்தக் கடன் தனியார் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் ஈடுகட்டும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. கடன் 20,000 ரிங்கிட். திருப்பிச் செலுத்தும் காலம் பத்தாண்டு என வைத்துக்கொள்வோம். உஜ்ரா 2,000 ரிங்கிட். மொத்தம் 22,000. மாதத் தவணை ஏறக்குறைய 183 ரிங்கிட்.

புதிய தாதியின் அடிப்படைச் சம்பளம் 2,000 ரிங்கிட் என்றால், ஊழியர் சேமநிதிக்கு 220, சொக்சோ முதலியவற்றுக்குச் சிறிது போக, கைக்கு வருவது சுமார் 1,765. தவணையையும் கழித்தால் 1,580. இப்பொழுது, படிப்பு முடிந்த கையோடு வேலைக்குப் போன தோழியைப் பாருங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். பிடித்தம் போக அவர் கையில் சுமார் 1,500. மூன்றாண்டுப் படிப்புக்குப் பிறகு அடிப்படைச் சம்பளத்தில் கிடைக்கும் கூடுதல் மாதம் 80 ரிங்கிட்!

அப்படியானால் படிப்பு வீணா? இல்லை. இரவுப்பணிப் படி, ஆண்டு ஊதிய உயர்வு, சிறுநீரகப் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற சிறப்புப் பயிற்சிகள் என்று தாதியின் வருமானம் ஏற இடமுண்டு. டிப்ளோமா பெற்றவர் வேலை செய்துகொண்டே பட்டப்படிப்பையும் முடிக்கலாம். மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அந்த வாய்ப்பு உண்டு. அரசாங்கச் சேவையில் டிப்ளோமாவுக்கு யூ29, பட்டத்துக்கு யூ41 என்றிருந்த தரங்கள், 2024 டிசம்பரில் தொடங்கிய புதிய முறையில் யூ5, யூ9 என மாறியுள்ளன. ஆக, பலன் படிப்படியாக ஏறுவதில் இருக்கிறது. கடன் கழுத்தை நெரித்தால் ஏற முடியாது. சிறப்புப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் கூடுதல் நேர வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பார்.

கண்ணில் படாத கடன்

கட்டணத்தில் கடனுதவி போக மீதியை யார் கட்டுகிறார்? அப்பா சேமநிதியிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கிறார். அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகிறது. இவற்றுக்குப் பி.டி.பி.டி.என். கடிதம் அனுப்பாது. ஆனால், அப்பாவின் ஓய்வுக்காலத்தில் அந்தக் கடன் நம் வாசலுக்கே வரும். அதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

கேட்க வேண்டியவை

சென்ற ஆண்டு என் சித்தி மகளுக்காக மூன்று கல்லூரிகளின் கையேடுகளைப் புரட்டினேன். மூன்றிலும் சிங்கப்பூர்ச் சம்பளம் இருந்தது; உள்நாட்டில் புதிய தாதியின் முதல் சம்பளம் ஒன்றிலும் இல்லை. வெளிநாட்டு மருத்துவமனைகள் பெரும்பாலும் அனுபவம் கேட்கின்றன. தவணையோ அனுபவம் வரும்வரை காத்திருக்காது.

ஆகவே, முன்பணம் கட்டுமுன் கல்லூரியிடம் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்:

1. இந்தப் படிப்பை மலேசியத் தாதியர் வாரியம் அங்கீகரித்துள்ளதா? வாரியத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றவர்கள் எத்தனை பேர்? தேர்ச்சியும் பதிவும் இல்லாமல் தாதியாகப் பணிபுரிய முடியாது. கடன் மட்டும் மிஞ்சும்.

2. மருத்துவமனைப் பயிற்சி எங்கே? போக்குவரத்து, சீருடை, விடுதி ஆகியவை கட்டணத்தில் அடங்குமா?

3. மருத்துவமனை செலவை ஏற்கிறது என்றால், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? இடையில் விலகினால் இழப்பீடு எவ்வளவு?

4. கடந்த ஆண்டு முடித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள்? முதல் சம்பளம் என்ன?

நான்காவது கேள்விக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டுகளில் தனியார் தாதியர் கல்லூரிகள் பெருகின. டிப்ளோமா பெற்ற பலர் வேலை தேடி அலைந்தனர். 2010இல் புதிய தாதியர் படிப்புகளுக்கு அனுமதி வழங்குவதை அரசாங்கம் நிறுத்தி வைத்தது. இன்றோ தாதியர் பற்றாக்குறை பேசப்படுகிறது. தேவை ஏறும், இறங்கும். கையெழுத்திட்ட கடன் அப்படியே நிற்கும்.

தாதியர் தொழில் உயர்ந்த தொழில் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. அதற்காக ஆழம் தெரியாமல் காலை விடச் சொல்ல முடியாது. என் கருத்தில், முதலில் அமைச்சின் பயிற்சிக் கழகத்துக்கும் அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் முயல வேண்டும். அடுத்து, செலவை ஏற்கும் மருத்துவமனையைத் தேட வேண்டும். முழுக் கடனில் தனியார் கல்லூரி என்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். அடுத்த முறை அத்தையோ சித்தியோ கேட்கும்போது, ஒரு தாளை எடுத்து அவர்களோடு அமர்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். முடிவை அந்தத் தங்கையே எடுக்கட்டும்.